ரெண்டடி

சோணைமுத்து செத்த அன்று காலை
செல்லூரில் எங்கள் சந்துக்குள்
அமரர் ஊர்தி நுழைய முடியவில்லை.
என் கார் நின்றது.

மூன்று வருடமாக அவர் கேட்டது ரெண்டடி.
"ரெண்டடி அங்கிட்டு நிறுத்துனா
என் டிவிஎஸ் இங்கிட்டு வந்துரும்ல, லேப் அம்மா."
காது கேட்காதவள் மாதிரி
பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு நடப்பேன்.
ஒருமுறை வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார்.
ஒருமுறை அவர் வாசல் கோலத்தில் டயரை ஏற்றினேன்.
இரண்டையும் சந்து மறக்கவில்லை.

சாவியைத் திருகினேன்.
ஒரு 'டக்' கூட இல்லை.
தங்கச்சி பிரசவத்துக்குக் கோயம்புத்தூரில் நாற்பது நாள்.
பின்கதவு சரியாகச் சாத்தாமல்
உள்விளக்கு தன்னந்தனியாக எரிந்து எரிந்து
பேட்டரியைக் குடித்து முடித்திருந்தது.

கொட்டுக்காரர்கள் கொட்டை நிறுத்தினார்கள்.
ஆளாளுக்கு வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.
"செகண்ட் கியர்ல போடு, தள்ளுனா பிடிச்சுக்கும்."
செகண்ட் கியரே இல்லை என்றேன்.
"கிளச்சயாச்சும் மிதிம்மா."
கிளச்சும் இல்லை.
"அப்ப என்னதாம்மா இருக்கு இதுல?"
சாவு வீட்டின் முதல் சிரிப்பு
அப்படித்தான் வந்தது.
யாரோ இருமி மறைத்தார்கள்.

போனில் நெல்பேட்டை ஜலாலுதீன்,
யானைக்கல் பாலத்து நெரிசலிலிருந்து:
"அக்கா, ஆட்டோமேட்டிக்கத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது.
தள்ளி நகத்தத்தான் முடியும்.
பி-ல பூட்டிக் கெடக்கு, என்-னுக்குக் கொண்டு வரணும்.
லீவர் பக்கத்துல நகம் தண்டிக்கு ஒரு மூடி இருக்கும், நெம்புங்க.
உள்ள ஓட்டை.
ஒல்லியா எதையாச்சும் விட்டு அமுத்திக்கிட்டே
பிரேக்க மிதிச்சு இழுங்க."

வீட்டுச் சாவி தடிமன்.
ஹேர்பின் வளைந்தது.
யாரோ நீட்டிய ஊதுபத்திக் குச்சி
உள்ளேயே முறிந்து, அதை எடுக்கவே ஐந்து நிமிடம்.

நாகேந்திரன், கொள்ளிச்சட்டி தூக்க வேண்டியவன்,
ஈர வேட்டியோடு வீட்டுக்குள் போனான்.
ஆணியில் தொங்கிய அப்பா சட்டையிலிருந்து
டெஸ்டரை எடுத்து வந்தான்.
முப்பத்தோரு வருடம் மின்வாரியத்தில் வயர்மேன்.
ஓய்வு பெற்ற பிறகும்
பேனா மாதிரி அதைக் குத்திக்கொண்டு அலைந்தவர்,
பால் பாக்கெட் வாங்கப் போகும்போதும்.

மஞ்சள் பிடி, முனையில் கருகல்.
எத்தனை கம்பங்களில்
உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்ததோ.
ஓட்டையில் விட்டு அமுத்தினேன்.
பிடிக்குள் இருக்கும் குட்டி பல்பு எரியவில்லை.
எரியாது என்று தெரியும்.
இருந்தாலும் பார்த்தேன்.

லீவர் வந்தது.

பந்தல்காரர், சங்கு ஊதுகிறவர், ஊர்தியின் டிரைவர்,
என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த மாடிவீட்டுக்காரர்,
எல்லோரும் டிக்கியில் கை வைத்தார்கள்.
ஸ்டியரிங் ஆட்டுக்கல்லாகக் கனத்தது.
பிரேக் கல்.
ரேசன் கடை திருப்பம் வரை
ஹேண்ட்பிரேக்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை.
பின்கண்ணாடியில்
அத்தனை பேரும் குனிந்திருந்தார்கள்.
அவர்களுக்குப் பின்னால் வாசலில் கண்ணாடிப் பெட்டி.
அதன் மோட்டார் மட்டும் 'ங்ங்' என்று ஓடிக்கொண்டிருந்தது.
சந்திலேயே கரண்ட் சுமந்து நின்றது
அது ஒன்றுதான்.

அப்புறம் கொட்டு தத்தனேரிப் பக்கம் போனது.

மதியம் ஜலாலுதீன் வந்தார்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்பைக் கடைசியில் கவ்வவிட்டார்.
என்ஜின் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்தது.
திரும்பி வந்தால்
வாசல் கழுவி விட்டிருந்தார்கள்.
ஈரத்தில் சாமந்தி இதழ் ஒட்டிக் கிடந்தது.
டிவிஎஸ் சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தது,
முன்சக்கரம் என் இடத்தைப் பார்த்துத் திரும்பியபடி.
எங்கே நிறுத்துவதென்று தெரியாமல்
டி-யில், காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.

டெஸ்டர் இன்னும்
தண்ணீர் பாட்டில் வைக்கும் குழியில்தான் கிடக்கிறது.
கொடுக்க வேண்டும்.
அந்த மூடியைத்தான் காணோம்.