இசை நீக்கிய பிரதி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்:
பழைய கேம் எல்லாமே நல்ல கேம் என்பவர்
பழைய கேம் விளையாடியிருக்க மாட்டார்.

டிராகன் படம் போட்ட அந்தப் பெட்டி.
பிரிகேட் ரோட்டில் ஏசி போட்ட கடை,
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
மர்ஃபி டவுன் பிள்ளைகளுக்கு ஏழு மாதம்
கணக்கு ட்யூஷன் எடுத்த காசு.
ஒரிஜினல். பில் உண்டு. கையேடு நூற்றிருபது பக்கம்,
அதில் டிராகனுக்கு வம்சாவளி, தாய்வழியிலும்.
கேமில் டிராகன் வந்தது
மூன்றாம் கட்டத்தில், தூணுக்குப் பின்னால்,
வால் மட்டும்.
அப்புறம் திரை முழுக்க நீலம்.
"அதான் வானமாக்கா?" என்றான் எபிநேசர்.
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
கையேட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.
நல்ல எழுத்து. கேம் குப்பை.

கார் பந்தயம், பாதி தேறும்.
சாலையோரம் மூன்றே மரம், மாறி மாறி வரும்,
அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.
ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்க எட்டு முகம்,
எட்டுக்கும் மீசை.
ஜெயித்ததெல்லாம் மீசையோடுதான்.

கண்ணிவெடிக் கட்டம் பற்றி எனக்குக் கருத்தில்லை.
அது கேம் இல்லை, ஆஃபீஸ்.

ஒட்டகத்துக்கு வருகிறேன்.

நேஷனல் மார்க்கெட், ஜபியுல்லா கடை,
ஒரே சிடியில் இருபத்திரண்டு கேம், எண்பது ரூபாய்.
பதினேழாவது 'ஒட்டகம்'.
நிஜப் பெயர் அல்ல,
ஜபியுல்லா மார்க்கரில் எழுதியது.
ஒன்பது ஒட்டகம், உப்பு மூட்டை, பதினாறு நிறத்தில் மணல்.
எதிரி கிடையாது. புள்ளி கிடையாது.
கிணறு இருக்கலாம் என்னும் வரைபடம்;
போனால் சில நாள் வெறும் குழி.
கரண்ட் போனதும் யுபிஎஸ் கத்தத் தொடங்கும்,
எட்டு நிமிஷத்துக்குள் தண்ணீர் கிடைத்தாக வேண்டும்.
ஓர் ஒட்டகம் உட்கார்ந்துவிட்டால்
எழுப்பப் பொத்தான் இல்லை.
எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்திருக்கிறேன்.

சத்தமே இல்லாத கேம்.
அந்த மௌனம்தான் மேதைமை என்று
இருபது வருஷமாகச் சொல்லிவந்தேன்.
மான்யதா டெக் பார்க் கேன்டீனில்,
செட் தோசை ஆறிப்போக,
மஞ்சுளேஷிடம் சொன்னேன்:
"காற்றுச் சத்தம்கூட வைக்கவில்லை பார்,
யாருக்கு வரும் அந்தத் தைரியம்?"

போன மாதம் தள்ளுபடியில் கிடைத்தது,
தொண்ணூற்றொன்பது ரூபாய், நிஜப் பெயரோடு.
(அந்தப் பெயரை இங்கே எழுத மனமில்லை.)
திறந்தேன்.
வயலின்கள். நாற்பதாவது இருக்கும்.
பின்னால் முரசு. அதற்கும் பின்னால்
ஒரு பெண் 'ஆ... ஆ...' என்று
மணலுக்குத் துக்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு.
ஒட்டகம் உட்காரும் இடத்தில் புல்லாங்குழல்.
எங்கே அழ வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

மஞ்சுளேஷ்தான் விளக்கினான், சிரிக்காமல்:
இருபத்திரண்டையும் ஒரே சிடியில் அடைக்கப்
பாட்டையெல்லாம் வெட்டி எறிந்திருப்பார்கள்.
பாரம் குறைக்க.

ஆக, எனக்குப் பிடித்த கலைஞர்
கோலாலம்பூரிலோ கலாசிபாளையத்திலோ
ஒரு மாடியறையில், வியர்த்துக்கொண்டு,
கோப்பு கோப்பாக அழித்த யாரோ.
எத்தனை மெகாபைட் மிச்சம் என்பது தவிர
வேறெதுவும் யோசித்திருக்க மாட்டார்.
இருந்தாலும் சொல்கிறேன்:
நல்ல எடிட்டர்.

இசையைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டு
மறுபடி கிளம்பினேன்.
ஜன்னலுக்கு வெளியே அல்சூர் மெட்ரோ
வளைவில் கீச்சிட்டது. அது பரவாயில்லை.
நான்காவது குழியும் வறண்டிருந்தது.
ஏழாவது ஒட்டகம் உட்கார்ந்தது.
பழைய பழக்கம், விசைப்பலகை முழுக்க
வரிசையாக அமுக்கிக்கொண்டே போனேன்.

புதிய பதிப்பில் ஏதோ ஒன்று வேலை செய்கிறது.
எழுந்துவிட்டது.
முட்டியில் ஒட்டிய மணலை உதறிக்கொண்டு
வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது.

இதைப் பற்றி
நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.