உள்ளே விட்ட துணி

முதல் தரம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.
ஒன்பது சட்டை, மழைக்கோட்டு,
ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்ட ஊதாப் பட்டு பிளவுஸ்,
இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று
வாடகை வீட்டைக் காலி செய்பவளைப் போல.

ஏழு வருஷம்.
போனது முப்பத்தெட்டுக் கிலோ.
இருபத்தொன்பது திரும்பி வந்தது,
மாதம் நானூறு கிராமாய், சத்தமில்லாமல்,
நெஞ்செரிவையும் கையில் பிடித்துக்கொண்டு.

நாரஹேன்பிட்டியில் டொக்டர் ஹெட்டிகொட
மருந்துக் கம்பனித் தாளொன்றில் கோடு கீறினார்.
முதலில் சரிவு. பிறகு சமதரை.
முடிவில் பேனா கொஞ்சம் மேலே போனது.
"கை வழுக்கிட்டுதோ?"
"இல்ல மிஸ். அது அப்படித்தான்.
செகண்ட் ஒபரேஷன் ஃபர்ஸ்ட் மாதிரி இல்ல.
பதினைஞ்சு, பதினெட்டு. அதில நிண்டா நல்லம்."
பேரம் பேச இடம் வைக்காத
மீன்காரரின் குரல்.

பதினைந்து கிலோ.
வீட்டு சிலிண்டரில் இருக்கும் காஸ் பன்னிரண்டரை.
கியூவில் நின்ற வருஷம்
லிஃப்ட் வேலை செய்யாத மூன்று மாடிக்கு
அதை இந்த உடம்புதான் ஏற்றியது.
படிக்கட்டில் இருந்து மூச்சு வாங்கினது
இன்னும் நினைவிருக்கிறது.
பதினைந்து சின்னக் கணக்கில்லை.

இப்போது இருபதாம் மாதம்.
ஒரு இடியப்பம், பாதி முட்டை,
அரை மணி கழித்துத் தண்ணீர்.
மூன்று மாதத்துக்கொரு ஊசி, சாகும்வரை.
பம்பலப்பிட்டி மண்டபத்தில் தவமலர் மச்சாள்
என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு,
"ரெண்டாந்தரமும் வெட்டினதெண்டாங்கள்,
பெரிசாத் தெரியேல்லையே" என்றாள்.
அவளுடைய தட்டில் மூன்று வட்டிலப்பம்.
எண்ணினேன், பொய் சொல்லமாட்டேன்.

கோட்டை ஸ்டேஷன் நடைபாதையில்
தராசு வைத்திருப்பவருக்கு என்னைத் தெரியும்.
போன மாதம் எழுநூறு கிராம் கூடியிருந்தது.
"நேத்து மழைம்மா, மெஷின் நனைஞ்சிட்டு" என்றார்.
அவருக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து
மீதியை வாங்காமல் வந்தேன்.

வெள்ளவத்தையில் ஃபஸ்லியாவின் தையல் கடை,
ரயில் பாதைக்கு முதுகு காட்டி.
புது பிளவுஸைத் திருப்பிப் பிடித்து
"உள்ள ரெண்டு இஞ்சி மிச்சம் இருக்கு,
வெட்டிடவா? தடிப்பா நிக்கும்."

அந்தக் கோட்டின் கடைசித் துண்டு
என் கைப்பைக்குள்தான் இருக்கிறது, நாலாய் மடித்து.

"விடுங்கோ. கிடக்கட்டும்."

காலி ரயில் போனது.
குண்டூசிப் பெட்டி மேசையில் அதிர்ந்தது.
ஊசிகளை உதட்டில் கவ்வியபடி
கையைத் தூக்கச் சொல்லி ஜாடை காட்டினாள்.
தூக்கினேன்.