புளி தட்டும் தெரு

பங்குனியில் எங்கள் தெருவில் பேச்சு கேட்காது.
பாப்பாரப்பட்டி மண்டியிலிருந்து மூட்டை வந்து இறங்கிவிட்டால்
பதினோரு வாசலிலும் கல், பதினோரு வாசலிலும் சுத்தி.
டொக். டொக்.
ஓடு தனி, நார் தனி, கொட்டை தனி.
கிலோக் கணக்கில் கூலி.
நகக்கண்ணில் புளி ஏறி எரிந்தாலும் கை நிற்காது.

இந்தச் சத்தத்தைத்தான் சென்றாயன் நம்பியிருந்தான்.

நாகவேணி மேல் விழுவதும்
எங்கள் கல்லில் விழுவதும்
ஒரே தாளமாய்த்தான் இருக்கும், தூரத்திலிருந்து கேட்டால்.
நான் தூரத்தில் இல்லை.
நடுவில் ஒரு சுவர்.
இரண்டு வருஷம்
இன்னும் பலமாகத் தட்டினேன் என் புளியை.
அந்த நாட்களில் எனக்கு எடை கூடியது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் நிறுத்தியது யார் என்று
இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
சாலம்மா, தான் என்கிறாள். இல்லை,
ஷகீலா.
நார்த்தூசு ஏறித் தும்மல் வந்தது அவளுக்கு.
சுத்தியைக் கீழே வைத்தாள்,
மறுபடி எடுக்கவில்லை.
பக்கத்து வாசல் நின்றது. எதிர் வாசல் நின்றது.
கடைசியாக என்னுடையது.

தெரு முழுக்க ஒரே ஒரு அடிச்சத்தம் மிச்சம்.
அது புளியில்லை.

அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.
வெளியே வந்தான், மூச்சு வாங்க.
"என்ன, யாருக்கும் வேலையில்லையா?"
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
மடியில் புளி, மடியிலேயே கை.
உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அன்றோடு திருந்தினான் என்று எழுத ஆசைதான்.
மூன்றாம் நாள் மறுபடி.
மறுபடி நிறுத்தினோம்.
இந்தத் தடவை ஷகீலா எழுந்துபோய்
கதவைத் தட்டினாள், அதே மணிக்கட்டால்.
"நாகவேணி, வாம்மா, எடை போடணும்."
மண்டி வண்டி வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.
எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.
அவளுக்கும்.
வந்தாள். ஒரு கண் மூடியிருந்தது.

ராத்திரி சாலம்மா வீட்டில் படுத்தாள்.
காலையில் தர்மபுரி பஸ்ஸில்,
மகளிர் ஸ்டேஷனுக்கு,
அவளோடு நாங்கள் ஏழு பேர்.
அன்றைய கூலி போனது.
மண்டிக்காரர் ஏசியது தனிக்கணக்கு.

நாலு பேர் வரவில்லை.
ஒருத்திக்கு மாமியார், ஒருத்திக்குக் கன்று போடும் மாடு,
ஒருத்திக்கு நிஜமாகவே காய்ச்சல்.
பச்சியம்மா மட்டும் காரணம் சொல்லவில்லை,
வாசலை விட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது தட்டும்போது
நடுநடுவே கையை நிறுத்துகிறோம்,
பச்சியம்மா வீட்டுப் பக்கம்
காதை வைத்து.