நாலு விரற்கடை

இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போயிருந்தார்.
மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள்.
ஏற்கெனவே இரண்டு முறை
ரிவர்ஸ் எடுக்கையில் கம்பத்தைச் சாய்த்தவள் நான்.
வேப்ப நிழலில் நின்றால்
ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள்:
"இன்னொரு தலகாணி போட்டு ஒக்காருங்க."
"பேசாம ஸ்கூட்டியே ஓட்டுங்க."
அதனால்தான் எதிர்த்தெருவில்
முப்பது ரூபாய்க்குச் சீட்டு வாங்கிக்கொண்டு
பழைய கார்களைப் பார்க்கப் போனேன்.

செட்டியார் வீட்டு வண்டிக்கொட்டகை.
ஓட்டுக்கு மேலே எங்கோ அணில்.
வாசலில் வில்வண்டி;
மாடு நின்ற இடத்தில்
பார்வையாளர் செருப்புகள்.
அடுத்தது சண்டைக்காலத்துக் கரிவாயு பஸ்.
முதுகில் அடுப்பைச் சுமந்துகொண்டு
திருப்பத்தூர் வரைக்கும் போகுமாம்.
மேட்டில் சனங்கள் இறங்கித் தள்ளினால்
டிக்கெட்டில் காலணா கழிக்கப்பட்டதா என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.
பள்ளிக்கூடப் பையன்கள் ரப்பர் ஹாரனை
அமுக்கி அமுக்கி
காவலாளி பாண்டிமுனியின்
மதியத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் நின்றது அந்த ஆஸ்டின்.
கறுப்பு.
ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது என்றது அட்டை.
உரிமையாளர்: மு.சித.பெரி. குமரப்பன்.
ஓட்டுநர்: அங்குச்சாமி.
மேலே புகைப்படம். முதலாளி ஆறடி.
அங்குச்சாமி அவரைவிட அரைச் சாண் கூட.
படத்தின் விளிம்பில்
வெட்டுப்பட்டு ஒரு முழங்கை, வளையல்களோடு.
அட்டையில் அதற்குப் பெயரில்லை.

நான் ரத்தம் எடுக்கிறவள்.
விடியுமுன் வீடு வீடாகப் போய்,
கண்ணுக்குப் பிடிபடாத நரம்பை
விரல் வைத்தே கண்டுபிடிப்பவள்.
கயிற்றைத் தாண்டினேன். கதவு பூட்டியிருக்கவில்லை.
குனிந்து, இருட்டுக்குள் கைவிட்டேன்.
ஆக்ஸிலேட்டர் சில்லென்றிருந்தது.
பிரேக்கில் இரண்டு துளைகள்.
கிளட்சின் மேல் மட்டும்
இரும்பில்லாத ஏதோ ஒன்று.

மரக்கட்டை.
திருகாணி போட்டு முடுக்கியது.
மேல்பரப்பில் வழவழவென்று ஒரு குழிவு,
ஒரே பாதம் வருஷக்கணக்காய் மிதித்தால் விழுவது.
அளந்தேன்.
நாலு விரற்கடை.

"அண்ணே, இது யாருக்காக வச்சது?"
பாண்டிமுனி எட்டிப் பார்த்தார்.
"திருட்டுப் பயத்துக்கு வச்சிருப்பாக.
இல்லாட்டி எலி கொண்டாந்து போட்டிருக்கும்."
எலி திருகாணி முடுக்குமா என்று
நான் கேட்கவில்லை.
"கயித்தத் தாண்டக் கூடாதும்மா."

ஆறடி ஆளுக்குக் கட்டை எதற்கு?
அந்த வளையல் கை
எப்போது ஸ்டியரிங் பிடித்தது?
ஊர் அடங்கிய பிறகு, தேவகோட்டை ரோட்டிலா?
இல்லை, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க ஓட்டியும்
பார்த்தவர் ஒருவரும்
எழுதிவைக்காமல் விட்டார்களா?
மீசை முளைக்காத மகன் எவனாவது
அப்பாவுக்குத் தெரியாமல் மாட்டியதாகவும் இருக்கலாம்.
இருக்கலாம்.
மணி மூன்றாகப் பத்து நிமிஷம்.
செருப்பைத் தேடி மாட்டினேன்.

"மாணிக்கவல்லி!"
முன்னால் போனது நன்றாகவே போனது.
பின்னால் வருகையில் கம்பம்
மெதுவாக, மரியாதையாக,
யாரோ தெரிந்தவரைப் பார்த்ததுபோல் சாய்ந்தது.
இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.
"அடுத்த மாசம் பாக்கலாம்மா.
ஒங்களுக்குக் கால் எட்டல."
எட்டவில்லைதான்.
அதை அவர் சொல்லி
முதல் தடவையாக எனக்குக் கோபம் வரவில்லை.

கழனிவாசல் முக்கில் மரப்பட்டறை.
ரம்பத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.
"நாலு விரற்கடை உயரம்,
பாதம் அகலம். ரெண்டு கட்டை."
"பிரிச்ச வீட்டுத் தூண் ஒண்ணு கெடக்கு,
பர்மாத் தேக்கு. அதுல அறுக்கவா?"
"வேம்பு போதும்."
காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
"நாலு விரற்கடைன்னா
யாரு விரலுக்கு?"

கையை நீட்டினேன்.