வாட்டம்

பர்கூர் பாலிஷ் பட்டறையில்
கழித்துப் போட்ட கருங்கல் துண்டுகள்
ஒரு டெம்போ ஆயிரத்து எண்ணூறு.
இறக்கிவிட்டுப் போன பையன் சொன்னான்:
"பளபளக்கிற பக்கத்தை மேல வைக்காதீங்கக்கா,
மழை நாள்ல வழுக்கிரும்."
அதனால்
என் முகம் தெரிகிற பக்கமெல்லாம்
மண்ணுக்குள் குப்புறப் படுத்திருக்கிறது.

ஒன்றரை அடியில் பாறை.
கிருஷ்ணகிரியில் யார் கொல்லையிலும் அதுதான்.
டங்கென்று திரும்பும் கடப்பாரை
முழங்கை வரை மின்சாரம் ஏற்றும்.
சப்போட்டா நட நினைத்த இடத்தை
அன்றே துணி துவைக்க ஒதுக்கினேன்.

சந்திரப்பாவுக்கு ஓசூரில் இரவு ஷிப்ட்.
காலையில் பல் விளக்கியபடி
என் தரையைச் சுற்றி வருவார்.
"நூல் கட்டினியா?"
கட்டினேன்.
"வாட்டம் பாத்தியா?"
முகத்துக்கும் செடிக்கும் மட்டும்தான்
அந்தச் சொல்லை வைத்திருந்தேன்.
தண்ணீர் போகத் தரை கொஞ்சம் தலைகுனியணும்,
அதுக்கும் வாட்டம்தான் பேரு
என்று நுரையோடு சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

பத்திர எழுத்தர் ஆபீசில்
ஊராரின் நான்கெல்லையை டைப் அடிக்கிறவள் நான்.
இன்னார் நிலத்துக்குக் கிழக்கு,
இன்னார் சுவருக்கு மேற்கு.
ஞாயிறு மட்டும் என் எல்லைக்குள் கல் பதித்தேன்.
பதினொரு ஞாயிறு.

பன்னிரண்டாவதற்குள் மழை.
தண்ணீர் சமையற்கட்டுப் படியேறியது,
கேஸ் சிலிண்டரைச் சுற்றி வந்தது,
சந்திரப்பாவின் செருப்பில்
ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பாதிக் கல்லைப் பெயர்த்தேன்.
ட்யூபில் தண்ணீர் விட்டு மட்டம் பிடித்ததில்
தரை சாய ஒரே வழி
திம்மராயன் சுவர்.
மூன்று வருடம் முன்
நாலு விரல் அகலத்துக்கு
சர்வேயரைக் கூட்டி வந்தவர்.

கேட்க வாய் வரவில்லை.
சுவரோரம் குந்தி
ஓட்டை வர வேண்டிய இடத்தில்
சாக்பீஸால் வட்டம் போட்டேன், அழித்தேன்,
திரும்பப் போட்டேன்.
அந்தப் பக்கம் குரல்:
"உங்க தண்ணி எங்கம்மா போகுது?
இங்க மாமரம் ரெண்டும் வாடிக் கிடக்கு."

பிறகு உளிச் சத்தம்.
செங்கல் தூள் கொட்டி
உளிமுனை வந்து
அப்புறம் ஒரு அழுக்கு விரல்
என் கொல்லைக்குள் நீண்டு
மேலும் கீழும் அசைந்தது.
"சரியா வருதா, பாருங்க."

என் வட்டத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம்.
பாதிக் கல்லை மறுபடி பெயர்க்க வேண்டும்.

"சரியா இருக்குங்க" என்றேன்.