நாற்பத்தொரு கதவுகள்

மூடிக்கிடந்த நீச்சல்குளத்தில் கண்காட்சி என்றார்கள்.
நுழைய இரண்டு யூரோ,
கழற்றிய மேலங்கிக்கு ஒரு பித்தளை வில்லை.
என்னுடையது எண்பத்தெட்டு.
வரவே மாட்டேன் என்ற கெனாதி
எங்களுக்கு முன்பே வந்து நின்றான்.

தண்ணீர் இல்லை.
நீல ஓடுகளின் மேல் நாற்பத்தொரு ஃபிரிட்ஜ்கள்,
ஆழமில்லாத முனையில் தொடங்கி
மூன்றரை மீட்டர் என்று எழுதிய சுவர்வரை
சரிவில் இறங்கிப் போயின.
எல்லாக் கதவும் விரல் நுழையத் திறந்திருக்க
உள்விளக்குகள் மட்டுமே வெளிச்சம்.
எல்லாம் சேர்ந்து ஒரே முனகல்.
எனக்கு அது முதலில் பல்லில்தான் கேட்டது.

எல்லாம் ஊர்க்காரர்களிடம் கேட்டு வாங்கியவை.
ஸ்கைஸ்தே, மருந்துக்கடைக்காரரின் மகள்,
வில்னியுஸில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள்.
ஃபிரிட்ஜோடு, உள்ளே கடைசியாக மிஞ்சிய ஒன்றையும்
அப்படியே விட்டுத் தரச் சொல்லியிருந்தாள்.

ஏணியில் முதுகு காட்டி இறங்கினோம்,
நீந்தப் போகிறவர்கள் மாதிரி.
ஒன்றில் இன்சுலின். ஒன்றில் அரை எலுமிச்சை.
ஒன்றில் கைக்கடிகாரம், எதற்கு வைத்தார்களோ.
ஒன்றின் உள்ளறையில் பனியுருண்டை;
சீட்டில்: மாதாஸ், ஏழு வயதில் பிடித்தது,
மூன்று குளிர்காலம் முன்பு.

"இது பசி" என்றாள் ஸினயீதா.
"நாம் வரிசையில் நின்ற காலம். இவை நிற்கிற நிற்பைப் பார்."
"தனிமை" என்றேன் நான்.
சொன்னதும் எனக்கே பிடிக்கவில்லை.
எதைப் பார்த்தும் சொல்லிவிடக்கூடிய சொல்.
கெனாதி கேட்டது ஒன்றுதான்:
"கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள்?"
சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.
இருபத்திரண்டு வருடம்
அணு உலையின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவன்.
அப்போது ஊர் ஊராக விளக்கெரிய அனுப்பினோம்.
இப்போது எங்களுக்கே விலைக்கு வருகிறது.

பிறகு அவனும் களத்தில் இறங்கினான்.
பதினேழாவது ஃபிரிட்ஜில்
காகிதம் சுற்றிய சீஸ் ரொட்டியைக் காட்டி
ஒரு முழு உரை:
இரவுப் பணி, கடிக்காமல் விட்ட வாழ்க்கை,
கிளம்பாத பயணத்துக்குக் கட்டிய கட்டுச்சோறு.
காவலாளி ஏணியில் இறங்கி வந்தார்.
மன்னியுங்கள் என்று கையை விட்டு அதை எடுத்து
அங்கேயே நின்று கடித்தார்.
"இருந்தாலும் நான் சொன்னது சரி" என்றான் கெனாதி.

ஸ்கைஸ்தேயிடமே கேட்டோம், என்னதான் அர்த்தம்?
துண்டு மாட்டும் கம்பியில் சாய்ந்திருந்தாள்.
"எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ராத்திரி முனகும்.
ஊரே சேர்ந்து முனகினால் எப்படி இருக்கும் என்று
கேட்கத் தோன்றியது."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவு கேட்கவே இரண்டு வருடம்."

அப்போது கரண்ட் போனது.

முனகல் நின்ற இடத்தில்
எங்கள் மூச்சு கேட்டது,
யாருடையதோ ஈரக் காலணியின் கிறீச்.
டப் என்று ஒரு கதவு.
பிறகு இன்னொன்று. இன்னொன்று.
யாரும் சொல்லவில்லை.
குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று
யார் வீட்டு ஃபிரிட்ஜ் என்று தெரியாமலே
தடவித் தடவி மூடிக்கொண்டே போனோம்
ஆழமான முனைவரைக்கும்.
ஒரு கைப்பிடியில் என் கை வேறொரு கைமேல் பட்டது.
இரண்டும் சேர்ந்தே அழுத்தின.

கெனாதி எப்போது மேலே ஏறினானோ.
ஃபியூஸ் பெட்டி எங்கே என்று
அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
முனகல் திரும்பியது. வெளிச்சம் திரும்பவில்லை.
விளக்கெல்லாம் மூடிய கதவுக்குள் அல்லவா.

"திறந்துவிடுங்கள்" என்றது ஸ்கைஸ்தேயின் குரல்.
"திறந்திருப்பதுதானே வேலையே."
கொஞ்சம் வெட்கத்தோடு திறந்தோம்.
பனியுருண்டையின் கதவில் மட்டும்
முதுகைக் கொடுத்து நின்றாள் ஸினயீதா.
"இதை விடு. இன்னும் பத்து நிமிடம் போகட்டும்."
ஸ்கைஸ்தே மறுத்துப் பேச வாயெடுத்து
பேசாமல் அவளையே பார்த்தாள்.

பேருந்தில் சண்டை தொடர்ந்தது.
கெனாதி பயணச்சீட்டின் பின்புறம்
நாற்பத்தொன்றை வாட்டால் பெருக்கிக்கொண்டிருந்தான்.
பாலம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்:
வெளியே மைனஸ் ஒன்பது,
ஸினயீதா மேலங்கி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்,
பித்தளை வில்லையை விரல்களுக்கிடையில்
உருட்டிக்கொண்டு.