கேப்

சீட்டில் நீல மையில் ஒரே வரி:
‘36, உள்பக்கம், கேப் இருக்கு.’
வரவேற்பில் உட்காரும் பெண்ணின் கையெழுத்து.
பல்லுக்கு மாட்டுவதும் கேப்,
பல்லை விட்டு விலகி நிற்பதும் கேப்.
தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.
எதைச் சொல்கிறாள் என்று
டப்பாவைத் திறக்கும்வரை தெரியவில்லை.
உள்ளே உருண்டது,
மூன்றாவது முறையாக.

வில்லாபுரத்தில் மாவு மில்லுக்கு மேல்மாடி எங்கள் லேப்.
கீழே மிளகாய் அரைத்தால் மேலே தும்முவோம்.
மேலே பல் ராவினால் கீழே யாருக்கும் ஒன்றும் ஆகாது.
பதினோரு வருஷம், எத்தனை கடைவாய்,
எல்லாம் மஞ்சள் கல்.
கல்லுக்கு எச்சில் ஊறாது.
கல் ஒருநாளும் ‘ஆ’ என்று கத்தியதில்லை.
பல் முடிந்து ஈறு தொடங்கும் இடத்தில்
சிவப்புப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுவேன்.
மெழுகு அதுவரை, உலோகம் அதுவரை,
பீங்கான் அதற்குச் சற்று மேலே.

இந்த 36-இல் கோடு தெரியவில்லை.
அளவெடுத்த அன்று ரத்தம் கசிந்திருக்கும்;
அச்சில் அந்த ஓரம் மட்டும்
குழம்பில் ஊறிய அப்பளம் மாதிரி.
கேட்டிருக்கலாம்.
போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.
சனிக்கிழமை. கரன்ட் போய் வந்திருந்தது.
இங்கேதான் இருக்கும் என்று போட்டுவிட்டேன்.
அதே கோட்டை நம்பி மூன்று தடவை.

ஜெசிந்தா டாக்டர் கத்துகிறவர் இல்லை.
“சோணைமுத்து, நேர்ல வாங்க,” என்று வைத்துவிட்டார்.

அண்ணா நகர். நாற்காலியில் ஒச்சம்மாள்,
மாட்டுத்தாவணியில் வெங்காய மண்டி.
வாயில் பஞ்சோடு சொன்னாள்:
“ஒட்டி விட்ருங்க தாயி.
முடியளவுக்கு எதுக்கு மூணு நடை?
என் தராசு முள்ளுகூட அம்புட்டுக்கு அசையாது.”
டாக்டர் கொக்கி ஊசியைப் பல்லோரமாக இழுத்தார்.
டிக்.
எனக்கே கேட்டது.
“மேல தோல் பளபளன்னு இருக்கும்,
அமுக்கினா உள்ள அழுகியிருக்கும்,
அந்த மாதிரி வெங்காயம் வந்தா என்ன செய்வீங்க?”
ஒச்சம்மாள் வாயை மூடினாள்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள்.
பிறகு முன்னைவிடப் பெரிதாகத் திறந்தாள்.

குனிந்து பார்த்தேன்.
ஈறு ஒரு கோடு இல்லை.
தொட்டால் வெளுத்தது, விட்டால் சிவந்தது.
தற்காலிக மூடியைச் சுற்றி லேசாக வீங்கி
நாக்குப் பக்கம் ஒருமாதிரி,
கன்னத்துப் பக்கம் ஒருமாதிரி.
வைகைக்குக் கரை எது என்றால்
எந்த மாசத்தில் என்று கேட்பார்களே, அப்படி.
டாக்டர் நூலைச் செருகச் செருக
அது பின்வாங்கியது.
அடியில், நகக்கண் போல வெள்ளையாக,
வெட்டிய பல்லின் விளிம்பு.
என் சிவப்புக் கோட்டுக்குக் கீழே
அது பாட்டுக்கு இருந்தது.

நாலாவதை நானே எடுத்துப் போனேன்.
ஊசி பல்லில் இருந்து உலோகத்துக்கு ஏறியது,
உலோகத்தில் இருந்து பல்லுக்கு இறங்கியது.
சத்தம் இல்லை.
இன்னொரு தடவை இழுக்கச் சொன்னேன்.
இன்னொரு தடவை.
சிமென்ட் காய்ந்த பிறகு டாக்டர் கேட்டார்,
“எப்படிம்மா இருக்கு?”
“எது?” என்றாள் ஒச்சம்மாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
மேல்வரிசையில் எனக்கும் ஒன்று உண்டு,
நானே செய்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஓசியில் ஒட்டிக்கொண்டது.
எட்டு வருஷமாக முருங்கை நார் சிக்கும் ஓரம்.
டாக்டரிடம் காட்டவில்லை.
பெரியாரில் இறங்கும்போதும்
நாக்கு அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.